முதல் அடியின் கணக்கு: ஏழு மாதக் குதிகால் வலிக்குப் படிப்படியான சுமைப் பயிற்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

குதிகால் வலியுடன் பிசியோதெரபிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை எதையும் பார்க்காமல் வருவதில்லை. பல சிகிச்சைகளைப் பார்த்து, ஒவ்வொன்றின்மீதும் சில வாரங்கள் நம்பிக்கை வைத்து, பிறகு களைத்துப்போய் வருகிறார்கள். இங்கே பதிவுசெய்யும் நிகழ்வும் அத்தகையதே. 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு வலது குதிகாலில் ஏழு மாதங்களாக இருந்த வலி பதினான்கு வாரப் பயிற்சியில் எவ்வாறு தணிந்தது, ஆறாவது வாரத்தில் என் கணிப்புப் பிழையால் எவ்வாறு மீண்டும் கூடியது, அந்தப் பின்னடைவு சிகிச்சையின் போக்கை எப்படித் திருத்தியது என்பவற்றை ஒளிவுமறைவின்றி எழுதிவைக்க விரும்புகிறேன். குதிகால் வலிக்குப் பயிற்சி நல்லது என்பதை இன்று மறுப்பவர் அரிது. எவ்வளவு பயிற்சி, எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதில்தான் நோயாளியும் சிகிச்சையாளரும் தடுமாறுகிறோம். இந்த நிகழ்வில் அந்தக் கேள்விக்கு விடை தந்தது, மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்கி எடுத்துவைக்கும் முதல் அடி. நோயாளியின் ஒப்புதலுடன் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கியிருக்கிறேன்.

நோயாளியின் வரலாறு

அவர் ஆசிரியர், பணிநாட்களில் ஐந்து அல்லது ஆறு மணி நேரம் நின்றபடியே பாடம் நடத்துபவர். உயரம் 158 செ.மீ., எடை 72 கிலோ. நீண்ட விடுமுறை ஒன்றுக்குப் பிறகு பணிக்குத் திரும்பிய அதே வாரத்தில், எடையைக் குறைக்கும் நோக்கத்துடன் நாள்தோறும் 45 நிமிட நடையையும் தொடங்கியிருக்கிறார். அப்போது அணிந்திருந்தது மெல்லிய, தட்டையான செருப்பு. மூன்றாவது வாரம் குதிகாலின் உட்புறத்தில் ஒரு காலை நேரத்தில் வலி தோன்றியது. விழுந்ததோ, கால் பிசகியதோ இல்லை. இரண்டு மாதங்கள் ஏறத்தாழ ஓய்வில் இருந்த பாதத்தின்மீது, நிற்கும் சுமையும் நடக்கும் சுமையும் ஒரே வாரத்தில் சேர்ந்து ஏறின என்பதை அவரே முதல் நாள் உரையாடலின் நடுவில் கண்டுகொண்டார்.

வலியின் தன்மை மிகத் தெளிவாக இருந்தது. தூங்கி எழுந்து வைக்கும் முதல் அடியில் 10-க்கு 8. பத்துப் பதினைந்து நிமிடம் நடமாடிய பின் 3. பணி முடிந்து மாலையில் 6. நெடுநேரம் அமர்ந்துவிட்டு எழும்போதும் காலை வலியின் சிறிய வடிவம் தலைகாட்டும். "ஆணியின்மேல் கால் வைப்பதுபோல் இருக்கிறது" என்றார். இரவில் வலியால் விழிப்பதில்லை. மரத்துப்போதல், எரிச்சல், இடுப்பிலிருந்து இறங்கும் வலி, காய்ச்சல், வேறு மூட்டுகளில் வீக்கம் எதுவும் இல்லை. சர்க்கரை நோயும் இல்லை.

இந்த ஏழு மாதங்களில் அவர் வலி மாத்திரை, மென்மையான குதிப்பட்டை, பத்து முறை அல்ட்ராசவுண்ட் கருவிச் சிகிச்சை, மூன்றாவது மாதத்தில் ஒரு ஸ்டீராய்டு ஊசி ஆகியவற்றைப் பெற்றிருந்தார். ஊசி ஐந்து வாரம் நல்ல நிவாரணம் தந்து, பிறகு வலி பழைய அளவுக்கே திரும்பியது. எக்ஸ்-ரேயில் குதிகால் எலும்பிலிருந்து முன்னோக்கி வளர்ந்த ஒரு முள் தெரிந்திருக்கிறது. அந்தப் படத்தைக் காட்டி, "இந்த முள்தான் சதையைக் குத்துகிறது" என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். குத்தும் முள்ளின்மீது யார்தான் காலை ஊன்றுவார்கள்? அவர் நடையை முற்றிலும் நிறுத்தி, வலது பாதத்தின் வெளிவிளிம்பிலும் முன்பகுதியிலும் மட்டும் எடையைப் போட்டு நடக்கப் பழகிவிட்டார். மருத்துவக் குறிப்புகளில் எங்கும் பதிவாகாத இந்த ஒரு வாக்கியம், பதிவான எல்லாச் சிகிச்சைகளையும்விட அவருடைய நடையை அதிகமாக மாற்றியிருந்தது.

பரிசோதனை

குதிகாலின் அடியில், உட்புறமாக, பிளான்டர் ஃபேசியா எலும்பில் தொடங்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தியபோது கூர்மையான வலி. "இதே இடம்தான்" என்றார். பிளான்டர் ஃபேசியா என்பது குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை, வில்லுக்கு நாண் கட்டியதுபோல் உள்ளங்கால் வளைவின்கீழ் இழுபட்டிருக்கும் தடித்த இழைப்பட்டை. நின்ற நிலையில் பெருவிரலை மேல்நோக்கி வளைத்தபோது அதே வலி மீண்டும் எழுந்தது. இந்தச் சோதனை வலியைக் கிளப்பாவிட்டால் பெரிதாக எதையும் முடிவுசெய்ய இயலாது. கிளப்பினால் அதன் சான்று வலுவானது.

வேறு காரணங்களை விலக்கும் பணிக்குச் சற்று நேரம் கொடுத்தேன். குதிகால் எலும்பை இருபுறமும் உள்ளங்கைகளால் அழுத்தியபோது வலி இல்லை. அழுத்த முறிவில், அதாவது ஓயாத சுமையால் எலும்பில் விழும் நுண்விரிசலில், அது பெரும்பாலும் வலிக்கும். கணுக்காலின் உட்புற எலும்புக்குப் பின்னே நரம்பைத் தட்டியபோது பாதத்தில் சுருக்கென்ற உணர்வு பரவவில்லை. மல்லாந்து படுத்து நேராகக் காலை உயர்த்தியபோது இடுப்பு நரம்பின் அறிகுறி எதுவும் தென்படவில்லை. வலியின் உச்சம் குதியின் நடுமையத்தில் இருந்து, காலை முதல் அடியைவிட நெடுநேரம் நிற்பதே அதிகம் வருத்தியிருந்தால், குதியின் கொழுப்பு மெத்தை மெலிந்திருப்பதை ஐயுற்றிருப்பேன். குறிப்பாக ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் அது எண்ணிப்பார்க்க வேண்டியது. இவருடைய குதி மெத்தை தடிப்புடனேயே இருந்தது.

அடுத்து அளவுகள். சுவரை நோக்கி நின்று, குதியைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொடும் சோதனையில், இடது காலின் பெருவிரல் சுவரிலிருந்து 9.5 செ.மீ. தள்ளியிருக்க முடிந்தது, வலது காலில் 5 செ.மீ. மட்டுமே. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்துவதை இடது கால் 21 முறை செய்தது. வலது கால் 6 முறையில் வலியாலும் சோர்வாலும் நின்றுவிட்டது. வலது கெண்டைக்காலின் சுற்றளவு 1.4 செ.மீ. குறைவு. பாத வளைவு இரு கால்களிலும் ஒரே மாதிரி சற்றுத் தாழ்ந்திருந்தது. வலிக்காத இடது பாதமும் அதே வடிவில் இருந்ததால் அதன்மீது பழியைப் போட நான் விரும்பவில்லை. கணுக்கால், பாத நோய்களுக்கான அன்றாடச் செயல்திறன் வினாத்தாளில் 100-க்கு 52 பெற்றார். இந்த வினாத்தாளில் 8 புள்ளிகள் உயர்ந்தால்தான் அதை நோயாளி உணரத்தக்க முன்னேற்றமாகக் கொள்வது வழக்கம்.

ஊசிக்குப் பின் ஃபேசியா கிழிந்திருக்கும் வாய்ப்பைத் தள்ளிவிடாமல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கேட்டேன். இழைப்பட்டை அறுபடாமல் முழுமையாக இருந்தது. தடிப்பு வலது குதியில் 5.6 மி.மீ., இடது குதியில் 3.4 மி.மீ. பொதுவாக 4 மி.மீ.க்கு மேற்பட்ட தடிப்பு இயல்புக்கு மீறியதாகக் கருதப்படுகிறது.

கண்டறிதலில் ஐயம் இல்லை: பிளான்டர் ஃபேசியைட்டிஸ், அதாவது பிளான்டர் ஃபேசியாவின் அழற்சி. ஆனால் நோயின் பெயரைச் சொல்வதோடு என் கணக்கு முடியவில்லை. கெண்டைக்கால் மெலிந்திருக்கிறது, கணுக்கால் இறுகியிருக்கிறது, குதியை உயர்த்தும் வலிமை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கிறது. இவற்றுள் எத்தனை வலிக்குக் காரணம், எத்தனை வலியைத் தவிர்த்து நடந்ததன் விளைவு என்று பிரிக்க முடியாது. இரண்டு வழியிலும் செய்யவேண்டியது ஒன்றே என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

சுமையைத் தேர்ந்ததன் காரணம்

நோயின் வழக்கமான பெயர் அழற்சியைச் சுட்டுகிறது. ஆயினும் 2003-இல் லெமன்ட் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் அறுவைச் சிகிச்சையில் எடுக்கப்பட்ட 50 மாதிரிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அங்கே எதிர்பார்த்த அழற்சி அணுக்களைக் காணவில்லை. இழைகள் சிதைந்து ஒழுங்கிழந்திருந்த நிலையையே கண்டார்கள். நாட்பட்ட குதிகால் வலியில் இந்தத் திசு ஏறத்தாழ நலிந்த தசைநாணைப் போல நடந்துகொள்கிறது என்ற எண்ணம் இதிலிருந்து வலுப்பெற்றது. நலிந்த தசைநாணுக்கு முழு ஓய்வு வலுவைத் தருவதில்லை. அளவோடு ஏற்றப்படும் இழுவிசைதான் இழைகள் தம்மை மீண்டும் ஒழுங்கமைத்துக்கொள்வதற்கான தூண்டுதல்.

பாதத்தின் இயந்திர அமைப்பும் இதற்குத் துணைநிற்கிறது. பெருவிரல் மேல்நோக்கி வளையும்போது பிளான்டர் ஃபேசியா விரலடி எலும்பின் தலையைச் சுற்றி இழுபட, குதிக்கும் விரல்களுக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்து உள்ளங்கால் வளைவு உயர்கிறது. கயிற்றைச் சுற்றிப் பாரத்தை இழுக்கும் உருளைக்கு ஒப்பான இந்தச் செயலை ஹிக்ஸ் 1954-இல் விளக்கினார். நாம் ஒவ்வோர் அடியிலும் தரையை உதைத்து முன்னேறும்போது நடப்பது இதுதான். இன்னொரு புறம் குதிநாண் வழியாகக் கெண்டைக்கால் தசை அதே குதி எலும்பைப் பின்னாலிருந்து மேலே இழுக்கிறது. அந்தத் தசை இறுகினால் அடியிலுள்ள இழைப்பட்டையின் இழுவிசையும் ஏறுகிறது. ரிடில் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஒப்பீட்டாய்வில் கணுக்கால் மேல்நோக்கி மடங்கும் அளவு குறைந்திருத்தலே மிக வலுவான ஆபத்துக் காரணியாக வெளிப்பட்டது. உடற்பருமனும் பணிநேரத்தின் பெரும்பகுதியை நின்றபடி கழிப்பதும் அடுத்தடுத்து வந்தன. எங்கள் நோயாளிக்குக் கணுக்காலும் நின்ற பணியும் நேரடியாகப் பொருந்தின. எடை அந்த ஆய்வு கொண்ட உடற்பருமன் எல்லையை நெருங்கியிருந்தது.

ஆகவே திட்டம் இரண்டு பகுதிகளைக் கொண்டது: முதலில் இழைப்பட்டையையும் கெண்டைக்காலையும் நீட்டி வலியை நடமாடத்தக்க அளவுக்குத் தணிப்பது, பிறகு குதிகால் உயர்த்தும் பயிற்சியால் இரண்டையும் வலுப்படுத்துவது.

முதல் அமர்வு

முதல் அமர்வில் பாதி நேரத்தை முள்ளைப் பற்றிப் பேசுவதில் செலவிட்டேன். அதை வீண் என்று கருதவில்லை. எலும்பு முள் தரையை நோக்கிக் கீழே வளர்வதில்லை, விரல்களை நோக்கிக் கிடைமட்டமாக வளர்கிறது. வலி சிறிதும் இல்லாதவர்களின் எக்ஸ்-ரேயிலும் அது காணப்படுகிறது. வலி போன பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். இவற்றை ஒரு பாத எலும்பு மாதிரியை அவர் கையில் கொடுத்து விளக்கினேன். "அப்படியென்றால் கால் ஊன்றினால் கிழிந்துவிடாதா?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டாவது முறை கேட்டபோது விடை சொல்லாமல், ஸ்கேன் அறிக்கையில் இழைப்பட்டை முழுமையாக இருக்கிறது என்ற வரியைப் படிக்கச் சொன்னேன். பிறகு கண்ணாடியின் முன் பத்து அடி, முழுப் பாதத்தையும் ஊன்றி, மெதுவாக நடந்தார். வலித்தது, 4 என்றார். வெளிவிளிம்பில் நடந்தபோதும் அது 4-ஆகத்தான் இருந்திருக்கிறது என்பதை உணர்ந்ததும் அவர் முகம் மாறியது.

அன்றே ஒரு சிறிய குறிப்பேட்டைக் கட்டிலருகே வைக்கச் சொன்னேன். காலையில் இறங்கியதும் முதல் ஐந்து அடியின் வலியை 0 முதல் 10 வரையில் ஓர் எண்ணாக எழுதவேண்டும். முந்தைய நாள் செய்த பயிற்சியையும் நடந்த நிமிடங்களையும் பக்கத்தில் குறிக்கவேண்டும். பயிற்சியின்போது 4 வரை வலி இருந்தால் தொடரலாம் என்றும், அந்தப் பயிற்சி அதிகமா இல்லையா என்பதை மறுநாள் காலை எண்ணே சொல்லும் என்றும் விளக்கினேன். இந்தத் திசு செய்துகொண்டிருக்கும்போது கோபித்துக்கொள்வதைவிட மறுநாள் கோபித்துக்கொள்வதே அதிகம்.

முதல் நான்கு வாரங்கள்

இழைப்பட்டைக்கே உரிய நீட்டல் பயிற்சியை டிஜியோவானி குழுவினர் 2003-இல் 101 நோயாளிகளிடம் ஆராய்ந்து, கெண்டைக்காலை மட்டும் நீட்டுவதைவிட எட்டு வாரத்தில் கூடுதல் பயன் தருவதைக் காட்டினார்கள். அதையே மாற்றமின்றிக் கொடுத்தேன். அமர்ந்து, வலிக்கும் காலை மற்றத் தொடையின்மேல் குறுக்காகப் போட்டு, அதே பக்கக் கையால் விரல்களைப் பற்றி முழங்காலை நோக்கி வளைக்க வேண்டும். மற்றக் கையின் விரலால் உள்ளங்காலைத் தடவினால் இழைப்பட்டை கயிறுபோல் விறைத்திருப்பது தெரியவேண்டும். விறைப்பு தெரியாவிட்டால் பயிற்சி சரியாக நடக்கவில்லை. 10 விநாடி பிடித்து, 10 முறை. நாளுக்கு மூன்று வேளை. முதல் வேளை கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்பது இதன் உயிர்நிலை. காலைக் கடன் முடித்துவிட்டு நிதானமாகச் செய்வோம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். அதற்குள் மிகக் கடுமையான பத்து அடிகளை அந்தக் குதி கடந்துவிடுகிறது.

சுவரைப் பிடித்து நின்று கெண்டைக்காலை நீட்டுவதை முழங்கால் நேராக ஒருமுறை, மடக்கி ஒருமுறை என 30 விநாடி வீதம் மும்மூன்று முறை சேர்த்தேன். நேராக நிற்கும்போது மேல்தசையும் மடக்கும்போது ஆழத்திலுள்ள தசையும் நீளும். கணுக்கால் மூட்டைக் கையால் தளர்த்தும் சிகிச்சையும் கெண்டைக்காலை அழுத்தித் தளர்த்துவதும் முதல் மூன்று வாரங்களில் வாரம் இருமுறை, ஆறு அமர்வுகள் நடந்தன. உள்ளங்கால் வளைவைத் தாங்கும் ஒட்டுப்பட்டையை முதல் இரண்டு வாரம் போட்டேன். அதன் பலன் குறுகிய காலமே என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். தட்டைச் செருப்புக்குப் பதிலாகச் சற்றே உயர்ந்த குதியும் மெத்தையும் கொண்ட காலணி. கடினமான தரையில் வெறுங்காலுடன் நடப்பதற்குத் தற்காலிகத் தடை. இரண்டு வகுப்புகளுக்கு இடையே ஐந்து நிமிடம் அமர்தல். நடை நாளுக்கு இருமுறை பத்து நிமிடம். நடையை மீண்டும் தொடங்கச் சொன்னது அவருக்கு வியப்பாக இருந்தது.

வலுவூட்டலின் முதற்படியாக, சுவரைப் பிடித்து இரு கால்களிலும் குதியைப் பாதி உயரத்துக்கு எழுப்பி 30 விநாடி அசையாமல் நிற்பதை ஐந்து முறை செய்தார். நான்காம் வார இறுதியில் காலை எண்ணின் வாரச் சராசரி 8-இலிருந்து 5-க்கு இறங்கியிருந்தது, வினாத்தாள் 61.

சுமை ஏற்றலும் ஆறாவது வாரமும்

ஐந்தாம் வாரத்தில் ராத்லெஃப் குழுவினர் 2015-இல் வெளியிட்ட பயிற்சியைத் தொடங்கினோம். படிக்கட்டின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை வைத்து, சுருட்டிய துண்டு ஒன்றைக் கால்விரல்களின் அடியில் கொடுத்து, குதியை 3 விநாடியில் உயர்த்தி, 2 விநாடி உச்சியில் நிறுத்தி, 3 விநாடியில் இறக்கவேண்டும். துண்டு இருப்பதால் விரல்கள் மேல்நோக்கி வளைந்திருக்கும். ஹிக்ஸ் விளக்கிய அதே உருளைச் செயலால் இழைப்பட்டை முறுக்கேறிய நிலையில் கெண்டைக்காலின் இழுப்பையும் சேர்த்துத் தாங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டுமே செய்யவேண்டும். 12 முறை வீதம் மூன்று சுற்று என்பது தொடக்கம். பிறகு எடையைக் கூட்டி 10 முறை வீதம் நான்கு, அதன்பின் 8 முறை வீதம் ஐந்து சுற்று. ஒற்றைக் காலால் ஆறு முறை மட்டுமே உயர்த்த முடிந்தவருக்கு இரு கால்களிலும் நின்று தொடங்குவதே பொருத்தம் என்று முடிவுசெய்தேன். அந்த வாரம் எண் 4.

ஆறாவது வாரத் திங்கட்கிழமை, முன்னேற்றத்தால் நாங்கள் இருவருமே உற்சாகமாக இருந்தோம். ஒற்றைக் காலுக்கு மாற்றினேன். அதே நாளில் நடையையும் பத்து நிமிடத்திலிருந்து தொடர்ச்சியாக 30 நிமிடமாகக் கூட்ட ஒப்புதல் கொடுத்தேன். சனிக்கிழமை அவருடைய பள்ளியில் முழுநாள் நிகழ்ச்சி இருந்தது என்பதை நான் கேட்கவில்லை. ஞாயிறு காலை எண் 7. நான்கு நாட்கள் அது இறங்கவில்லை. தொலைபேசியில் அவருடைய குரலில் வலியைவிட, எல்லாம் முதலிலிருந்து தொடங்கிவிட்டதே என்ற சோர்வுதான் மேலோங்கியிருந்தது.

குறிப்பேட்டை விரித்துப் பார்த்தபோது எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. திங்கள் 4, செவ்வாய் 5, வியாழன் 6. சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு முன்பே இரண்டு புள்ளிகள் ஏறியிருந்தன. எண்ணை எழுதச் சொன்ன நான், அந்த எண் ஏறினால் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லித்தரவில்லை; அடுத்த அமர்வில் நானே பார்த்துக்கொள்வேன் என்று இருந்துவிட்டேன். அளவுகோலை நோயாளியின் கையில் கொடுத்து, அதைப் படிக்கும் அதிகாரத்தை என்னிடமே வைத்துக்கொண்டது இந்த நிகழ்வில் என் பெரிய பிழை. ஒரே வாரத்தில் இரண்டு சுமைகளைக் கூட்டியது அதற்கடுத்த பிழை. சிந்தித்துப் பார்த்தால், ஏழு மாதங்களுக்கு முன் அவருக்கு வலியைக் கொண்டுவந்ததும் இதே சேர்க்கைதான்.

பயிற்சியை நிறுத்தவில்லை. இரண்டு நாட்கள் அசையாமல் நிற்கும் பயிற்சிக்கு மட்டும் திரும்பி, மூன்றாம் நாள் மீண்டும் இரு கால்களிலும் குதி உயர்த்தலைத் தொடர்ந்தோம். விதிகளை அவர் முன்னிலையில் திருத்தி எழுதினேன்: காலை எண், முந்தைய வாரச் சராசரியைவிட 2 கூடினால் என்னைக் கேட்காமலேயே முந்தைய படிக்கு இறங்கவேண்டும், சராசரிக்குத் திரும்பிய பின் மீண்டும் ஏறலாம், ஒரு வாரத்தில் ஒன்றை மட்டுமே கூட்டவேண்டும், தவிர்க்க முடியாத நீண்ட நிற்றல் இருக்கும் வாரத்தில் எதையும் கூட்டக்கூடாது. ஏழாம் வார இறுதியில் எண் மீண்டும் 4. எட்டாம் வாரம் 3. பின்னடைவு பத்து நாட்களில் முடிந்தது. அதற்குமுன் ஏழு மாதங்களில் வலி கூடிய ஒவ்வொரு முறையும் அவர் நடையை நிறுத்தி வாரக்கணக்கில் காத்திருந்திருக்கிறார். இம்முறை நடந்துகொண்டே மீண்டதை அவர் தம் கையெழுத்திலேயே பார்த்தார். அதன்பிறகு எனக்கு அவரிடம் தைரியம் சொல்லவேண்டிய தேவையே ஏற்படவில்லை.

எட்டாம் வாரத்துக்குப் பின்

ஒன்பதாம் வாரத்தில் உயர்த்தும்போது இரு கால், இறக்கும்போது வலது கால் மட்டும் என்ற இடைப்படியைச் சேர்த்தோம். இதை ஆறாவது வாரத்திலேயே செய்திருக்கவேண்டும். பதினோராம் வாரத்தில் முழுமையாக ஒற்றைக் கால். பன்னிரண்டாம் வாரம் முதல் முதுகுப்பையில் புத்தகங்களை அடுக்கி 3 கிலோ, பிறகு 6 கிலோ. உள்ளங்கால் வளைவைச் சுருக்கி உயர்த்தும் சிறுதசைப் பயிற்சியும் கொடுத்தேன். அதன் தனிப்பட்ட பங்கு எவ்வளவு என்று இந்த ஒரு நோயாளியைக் கொண்டு சொல்ல முடியாது. நடை வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூடி 40 நிமிடத்தை எட்டியது. நேரடி அமர்வுகள் மொத்தம் 14.

பதினான்காம் வார மதிப்பீட்டில் காலை எண்ணின் சராசரி 1. மாலை வலி 6-இலிருந்து 1. வினாத்தாள் எட்டாம் வாரத்தில் 74-ஆக இருந்து 88-ஐ அடைந்தது. சுவர்ச் சோதனை 5 செ.மீ.இலிருந்து 8.5 செ.மீ.; ஒற்றைக் கால் உயர்த்தல் 6-இலிருந்து 19. ஆறாம் மாதத்தில் காலை வலி இல்லை, வினாத்தாள் 94, கெண்டைக்கால் சுற்றளவு வேறுபாடு 0.6 செ.மீ. அப்போது எடுத்த அல்ட்ராசவுண்டில் இழைப்பட்டையின் தடிப்பு 4.5 மி.மீ.; குறைந்திருந்தது, ஆனால் இயல்பின் எல்லைக்குள் வந்துவிடவில்லை. வலி மறைந்த காலில் படம் இன்னும் நோயைக் காட்டிக்கொண்டிருந்தது. படத்தை நம்பி மட்டும் சிகிச்சையை நடத்தியிருந்தால் இவரை இன்னும் நோயாளியாகவே வைத்திருக்க வேண்டியிருக்கும்.

விவாதம்

இந்த வலி பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே தணியக்கூடியது. ஏழு மாதங்களைக் கடந்துவிட்ட ஒருவரிடம் காலமும் தன் பங்கைச் செய்திருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. நீட்டல், ஒட்டுப்பட்டை, காலணி, சுமைப் பயிற்சி, அச்சம் நீங்கியது ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துக்காட்டவும் வழியில்லை. ஆயினும் சுமை திடீரென ஏறியபோது வலி ஏறியது, ஒரு படி இறங்கியபோது இறங்கியது, அதே சுமை இடைப்படிகளுடன் மீண்டும் ஏறியபோது வலி ஏறவில்லை என்ற வரிசை, வெறும் காலப்போக்கைக் கொண்டு எளிதில் விளக்கக்கூடியது அன்று.

ராத்லெஃப் குழுவின் ஆய்வில் 48 பேரில் சுமைப் பயிற்சி செய்தவர்கள், நீட்டல் மட்டும் செய்தவர்களைவிட மூன்றாம் மாதத்தில் தெளிவாக முன்னே இருந்தார்கள். பன்னிரண்டாம் மாதத்தில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. இந்த இரண்டாவது செய்தியைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் நோயாளியிடம் சொல்வது நேர்மையாகாது. சுமைப் பயிற்சி விரைவில் மீட்க உதவலாம். நாளெல்லாம் நின்று பணிபுரியும் ஒருவருக்கு அந்தச் சில மாதங்களின் மதிப்பு மிகப் பெரியது. பின்னர் 2019-இல் ரீல் குழுவினர், முன்கூட்டியே வகுத்த அளவில் பயிற்சி செய்தவர்களையும் தாங்கும் அளவைத் தாமே தீர்மானித்துக்கொண்டவர்களையும் ஒப்பிட்டு, விளைவில் வேறுபாடு இல்லை என்று கண்டார்கள். 12, 10, 8 என்ற எண்களில் மந்திரம் எதுவும் இல்லை என்பதை எனக்கு அது உறுதிப்படுத்தியது. குறிப்பேட்டை நோயாளியே படித்து முடிவெடுத்த பிறகுதான் எங்கள் முன்னேற்றமும் சீரானது.

ஸ்டீராய்டு ஊசியைக் குறைகூறுவது என் நோக்கமன்று. தாங்கமுடியாத வலியில் அது ஒரு குறுகிய இடைவெளியைத் தருகிறது. ஆனால் அந்த ஐந்து வார இடைவெளியில் இவருக்கு எந்தப் பயிற்சியும் தரப்படவில்லை. வலியற்ற வாரங்கள் வலுவூட்டலுக்கு மிக உகந்தவை என்பது போலத் தோன்றினாலும், ஊசிக்குப்பின் இழைப்பட்டை அறுபடும் அபாயமும் குதி மெத்தை மெலியும் அபாயமும் இருப்பதால் சுமையை மிக மெதுவாகவே ஏற்றவேண்டும். பயிற்சி மூன்று மாதங்களில் பலன் தராதிருந்தால் அதிர்வலைச் சிகிச்சைக்கு அனுப்புவதாக முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன்; அது தேவைப்படவில்லை.

இதே திட்டத்தைக் குதி வலிக்கும் எல்லோருக்கும் எடுத்துக்கொடுத்துவிடக் கூடாது. உயரத்திலிருந்து குதித்த பின்போ ஓட்டத்தைத் திடீரெனக் கூட்டிய பின்போ எலும்பையே அழுத்தினால் வலிப்பவர். இரவில் வலியால் விழிப்பவர். இரு குதிகளும் வலிக்க, காலை இறுக்கம் அரைமணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் இளம் வயதினர். பாதத்தில் உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளி. குதி எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத சிறுவர்கள் ஆகியோருக்கு முதலில் வேறு பரிசோதனைகள் தேவை. துண்டைச் சுருட்டிப் படியில் நிற்கவைப்பது அதன்பிறகு பேசவேண்டியது.

ஆறாம் மாதச் சந்திப்பின்போது அவர் குறிப்பேட்டையும் கொண்டுவந்திருந்தார். பதினேழாம் வாரத்தின் நடுவில் பதிவுகள் நின்றிருந்தன. ஏன் என்று கேட்டபோது, ஒருநாள் காலையில் எழுந்து, தண்ணீர் குடித்து, வாசல்வரை போய்த் திரும்பிய பிறகுதான் எண் எழுத மறந்தது நினைவுக்கு வந்ததாகவும், அடுத்தடுத்த நாட்களிலும் அதுவே நடந்ததால் விட்டுவிட்டதாகவும் சொன்னார். குதி உயர்த்தும் பயிற்சியை வாரத்துக்கு இருமுறை தொடர்கிறார். அடுத்த நீண்ட விடுமுறை முடிந்து பணிக்குத் திரும்பும் வாரத்தில் குறிப்பேட்டை மீண்டும் எடுக்கும்படியும், அந்த வாரத்தில் நடையைக் கூட்டாமல் இருக்கும்படியும் எழுதிக்கொடுத்து அனுப்பினேன்.